விக்ராந்துக்குப் போன கடிதமும் ஐந்து பைசா தபால்தலையும்

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து பேசுகிறேன். சென்ற காணொளியில் நான் வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பதாகச் சொன்ன இன்லேண்ட் கடிதம் கூரியரில் வந்து சேர்ந்துவிட்டது. விலை 650 ரூபாய். அதை அனுப்பிவைக்கத் தனியாக 90 ரூபாய். இவ்வளவையும் வாங்கிக்கொண்ட விற்பனையாளரோ, அவருக்கு முன்பு அதை வைத்திருந்த வேறொரு புண்ணியவானோ, அஞ்சல் முத்திரையின் மேலேயே செல்லோடேப்பை ஒட்டியிருக்கிறார். செல்லோடேப் மீது எனக்குள்ள வெறுப்பு உங்களுக்குப் பழகியதுதான். பசை காய்ந்து, பழுப்பேறி, தாளுக்குள் இறங்கி, ராமநாதபுரம் என்னும் ஊர்ப்பெயரில் பாதியை மட்டும் விட்டுவைத்துவிட்டுத் தேதியை முழுவதுமாக விழுங்கிவிட்டது. தேதியே தெரியாத கடிதத்தை "1971 போர்க்காலக் கடிதம்" என்று விளம்பரம் செய்து விலை வைப்பது எந்த ஊர் நியாயம்?

பெறுநரின் பெயரை விரலால் மறைத்துக்கொள்கிறேன். மீதி முகவரியைப் பாருங்கள்: ஐ.என்.எஸ். விக்ராந்த், ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய். விக்ராந்த் நம் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல். போர்க்கப்பலுக்கு எழுதும் கடிதத்தில் கப்பல் நிற்கும் இடம் இராது. கடற்படைத் தபாலகம் வாங்கி அனுப்பிவைக்கும், வீட்டாருக்கு அது தெரிய வேண்டியதில்லை. பின்கோடு எழுதப்படவில்லை. அது நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று என்றாலும், அதன் பிறகும் நம் மக்கள் அதை எழுதாமலே காலம் தள்ளினார்கள் என்பதால் அந்தச் சான்று செல்லாது.

ஆனால், இதோ ஓரத்தில் தனியாக ஒட்டப்பட்டிருக்கும் இந்தச் சிவப்பு நிற ஐந்து பைசா தபால்தலை இருக்கிறதே, இதற்காகவே 650 ரூபாயைப் பொறுத்துக்கொள்ளலாம். வங்கதேச அகதிகளின் செலவுக்காக 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் 31 வரை கடிதங்களுக்கு ஐந்து பைசா கூடுதலாக விதிக்கப்பட்டது. முதலில், ஏற்கெனவே இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின் மீது கூடுதல் எழுத்துகளை அச்சடித்து விற்றார்கள். அகதிகளின் படம் போட்ட இந்தத் தபால்தலை டிசம்பர் 1 அன்றுதான் வெளிவந்தது. இந்திய-பாகிஸ்தான் போரோ டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்தது. ஆகவே இக்கடிதம் போர்க்காலத்தது என்பதற்கு இடமுண்டு. அடுத்த ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் எந்த நாளிலும் போடப்பட்டிருக்கவும் இடமுண்டு. விற்பனையாளர் சொன்னது பாதி ஊகம்.

1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் நம் கடற்படையில் சேர்க்கப்பட்ட விக்ராந்த், 1971 போரில் வங்காள விரிகுடாவில் இருந்தது. கொதிகலன் ஒன்று பழுதாகியிருந்ததால் முழு வேகத்தில் ஓட முடியாத நிலையிலும், டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. நம் பாம்பன் வழியாக அது கிழக்கே போயிருக்குமா என்று சிலர் கேட்கிறீர்கள். நீருக்குள் ஏழு மீட்டருக்கு மேல் அமிழும் கப்பல் அது. பாம்பன் கால்வாயில் அந்த ஆழம் ஏது? இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். அதைத் தேடிவந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியும் அப்படித்தான் சுற்றிவந்தது.

தந்தி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் இருப்பதாகக் காஸியை நம்பவைக்க ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்தைப் போலவே கம்பியில்லாத் தகவல்களை அனுப்பச் செய்தார்கள். அதோடு, விக்ராந்தின் மாலுமி ஒருவர் நோயுற்ற தாயின் உடல்நிலையை விசாரிப்பதாக ஒரு தனிப்பட்ட தந்தியையும் வெளிப்படையாக அனுப்பினார்கள். டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. விக்ராந்த் அப்போது அங்கே இல்லவே இல்லை. வீட்டுக்குப் போகும் தபாலையே பொறியாக வைத்த மூளையை நான் மெச்சுகிறேன்.

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் கடற்படையில் பணியாற்றியவர்களின் வீடுகளில் பழைய கடிதங்கள் இருக்கலாம். ஐந்து பைசா தபால்தலை கண்ணில் பட்டால், தயவுசெய்து தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிவிடாதீர்கள்; தனித் தபால்தலைக்கு விலையே இல்லை, முகவரியும் முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் மதிப்பு. உப்புக் காற்று படாமல் டப்பாவில் வைத்துவிட்டுப் படத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.