மாநிலச் சட்டமே முதல் காவல்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அறிஞர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"தனிமனித உரிமைகளைக் காப்பதில் விஞ்சி நிற்பது நாடாளுமன்றமா, சட்டமன்றமா?" இதுதான் தலைப்பு. சட்டமன்றமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "அடிப்படை உரிமைகள் எல்லாம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கின்றன, அதற்கு மேல் மாநிலம் என்ன தந்துவிடப் போகிறது?" என்று கேட்டார். உரிமை என்றால் நாடு முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். போகிற போக்கில் குண்டர் சட்டத்தையும் எடுத்து வீசிவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. முதலில் ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற ஊரில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, மந்திரம் இல்லை. சுயமரியாதைத் திருமணங்கள் அப்படித்தான் பரவின. பின்னால் ஆயிரக்கணக்கான பேர் அந்த வழியில் மணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகள் பெற்றார்கள். ஆனால் சட்டம் என்ன சொன்னது? 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், உரிய சடங்குகள் நடக்காத அப்படி ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை ஒரு பெண்ணின் இடத்தில் நின்று யோசியுங்கள். ஊரறிய வாழ்ந்தவள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. அவள் பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குறி.

சரி, அடுத்த இரண்டே ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் இயற்றினார்கள். அதன் 7ஆவது பிரிவு, மணமக்களில் ஒருவருடைய வழக்கப்படியான சடங்குகளோடு திருமணம் நடக்க வேண்டும் என்றது. சடங்கே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு அங்கே இடமில்லை. தமிழ்நாட்டில் இத்தனை குடும்பங்கள் தவிக்கின்றன என்பது டெல்லியில் ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

1967இல் அண்ணா முதல்வரானார். அந்த ஆண்டே சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 7-ஏ என்று ஒரு பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், "உன்னைத் துணையாக ஏற்கிறேன்" என்று ஒருவருக்கொருவர் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் மாற்றினாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. ஏற்கெனவே நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே அது செல்லுபடியாக்கியது.

நடுவர் அவர்களே, இது பழைய கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்துக்கு இளவரசன் வழக்கு போனது. வழக்கறிஞர்கள் முன்னிலையில், அதிகம் பேர் அறியாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லுமா என்பது கேள்வி. செல்லும் என்றது நீதிமன்றம். குடும்பத்தின் எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் நடுவே இருக்கிறவர்களை, ஊரைக் கூட்டி அறிவித்துவிட்டுத்தான் மணக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை நீதிபதிகள் பார்த்தார்கள். அந்தத் தீர்ப்பு எதைப் பிடித்துக்கொண்டு நின்றது? நம் சட்டமன்றம் எழுதிய 7-ஏ பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் அந்த ஜோடிக்கு 1953ஆம் ஆண்டுத் தீர்ப்புதான் மிச்சம்.

அரசியலமைப்புச் சட்டத்தில் எல்லாம் இருக்கிறது என்றார் நண்பர். 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1950இல். அதற்கு 12 ஆண்டு முன்பே, 1938இல், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி.ராஜாவின் முயற்சியில் சென்னை மாகாணச் சட்டமன்றம் சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் இயற்றியது. பொதுக் கிணறு, குளம், பாதை ஆகியவற்றில் ஒருவரைச் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதற்கும் முன்னால், 1924இல், ஒடுக்கப்பட்ட மக்களின் இன்னொரு தலைவர் இரட்டைமலை சீனிவாசன் இதே மாகாணத்தின் சட்ட மேலவையில் பொதுச் சாலையில் நடக்கும் உரிமைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். நாடு முழுவதற்குமான தீண்டாமைக் குற்றச் சட்டத்தை நாடாளுமன்றம் எழுதி முடிக்க 1955 ஆயிற்று. கிணற்றடியில் விரட்டப்பட்டவரின் குரல் முதலில் எந்த அவையில் கேட்டது என்று நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் இந்த "ஒரே மாதிரி" வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா மாநிலமும் ஒன்றாகத்தான் நகர வேண்டும் என்றால், கடைசியாக எழுந்திருப்பவருக்காக எல்லாரும் காத்திருக்க வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று ஆந்திரம் 1985இலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1989இல் செய்தது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994இல் செய்தன. நாடாளுமன்றம் வந்து சேர்ந்தது 2005 செப்டம்பரில். நம் சட்டத்தில் ஒரு குறை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்: 1989 மார்ச் 25க்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பங்கு தரவில்லை. அந்தக் குறையை மத்தியச் சட்டம் நீக்கியது, நல்லது. ஆனால் அந்த மத்தியச் சட்டத்துக்கு வழிகாட்டியவை இந்த மாநிலங்கள்தானே? தகவல் உரிமையிலும் இதே கதைதான். முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். மத்தியச் சட்டம் 2005இல் வந்தது.

இனி குண்டர் சட்டம். 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை நான் இங்கே நின்று நியாயப்படுத்த மாட்டேன். விசாரணை இல்லாமல் ஒருவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம் என்பது எந்த அரசு போட்டாலும் தவறுதான். ஆனால் ஒப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? விசாரணை இல்லாமல் உள்ளே வைக்க வழிவிட்ட மிசா சட்டத்தை யார் போட்டது? பயங்கரவாதத் தடுப்பு என்று சொல்லி வந்த தடாவையும் பொடாவையும் யார் போட்டது? நாடாளுமன்றம்தான். நெருக்கடி நிலையில், காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போட உரிமை உண்டு என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொன்னன. 1976இல் டெல்லியில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த உரிமையை மூடி வைத்தது. எதிரணி பெருமையாகச் சொல்லும் அதே அரசியலமைப்புச் சட்டம் அன்றும் இருந்தது, நடுவர் அவர்களே.

தவறான சட்டத்தை மாற்ற வைப்பது எங்கே சுலபம் என்பதையும் பார்க்க வேண்டும். 1982இல் பீகார் சட்டமன்றம் பத்திரிகைகளை ஒடுக்க ஒரு மசோதா நிறைவேற்றியது. பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கினார்கள், அடுத்த ஆண்டே அது திரும்பப் போனது. 2002இல் இங்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சியின் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் தோற்றது. சில நாட்களிலேயே அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அதே அரசு அறிவித்தது. பொடாவும் 2004இல் ரத்தானதே என்று எதிரணி கேட்கும். ஆமாம், ரத்தானது. அதே ஆண்டே அதன் முக்கியமான பகுதிகள் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான யுஏபிஏவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

கடைசியாக, இன்று செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சாதி மாறி மணந்தவர்களைப் பெற்றவர்களும் உறவினர்களுமே கொல்லும் கொடுமை நடக்கிறது. இதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று மத்தியச் சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் ஒரு மசோதாவே எழுதிக் கொடுத்தது. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் வரும்வரை என்று சொல்லி வழிகாட்டுதல்கள் தந்தது. நாடாளுமன்றம் அந்த மசோதாவை நிறைவேற்றவில்லை. 2019இல் அதற்கென மசோதா நிறைவேற்றியது ராஜஸ்தான் சட்டமன்றம். தமிழ்நாட்டில் இதற்கெனச் சட்டம் இயற்றப் பரிந்துரை தர, 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது.

மதம் மாறி மணக்கிறவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு 7-ஏ பொருந்தாது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அது நாடாளுமன்றம் போட்ட சட்டம். முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும், அதைப் பதிவு அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். உயிருக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளைகளின் பெயரையும் முகவரியையும் தேடி வருகிறவனுக்கு அரசாங்கமே எழுதிக் காட்டுகிறது. திருமணம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1967இல் அண்ணா போன அதே வழியில், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு, தமிழ்நாட்டில் அந்த அறிவிப்பை நீக்கச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவர முடியும். கொண்டுவர வேண்டும்.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. 1955 ஜனவரியில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்தக் காகிதம் சுவரில் ஒட்டப்படுகிறது. அதைக் கிழிக்க நாடாளுமன்றம் இதுவரை என்ன செய்தது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.