மூச்சு விடக்கூட நேரமில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

என் மருத்துவ அறையில் நான் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "மூச்சு விடக்கூட நேரமில்லை, டாக்டர்." தலைவலி என்று வருபவரும், நெஞ்செரிச்சல் என்று வருபவரும், இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்று வருபவரும் பேச்சின் நடுவே எப்படியோ இதைச் சொல்லிவிடுகிறார்கள். அது வெறும் வழக்குச்சொல்தான் என்றாலும், தோள்கள் இறுகி, மூச்சு மேல்மார்போடு நின்றுவிட, நாற்காலியின் நுனியில் அவர்கள் அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, சொல்வது ஏறத்தாழ உண்மை என்றே எனக்குத் தோன்றும்.

நெருக்கடி என்று மூளை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின், கார்டிசோல் என்னும் ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கின்றன. நாடி விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. இதில் தவறேதும் இல்லை. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இந்த வேகம் தேவைதான், இருக்கையில் அமர்ந்த சில நிமிடங்களில் அது தானாகவே தணிந்தும் விடுகிறது. ஆனால் மேலதிகாரியின் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து ஏறிய படபடப்புக்கு அப்படி ஓர் இருக்கை கிடைப்பதில்லை. அது சாப்பாட்டுத் தட்டின் அருகிலும் தலையணையின் அருகிலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏறியதை இறக்கிவைக்கும் பழக்கங்களைத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலாவது மூச்சு. மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைக் கவனித்தால், மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும் வெளியே விடும்போது சற்று நிதானிப்பதையும் பலரால் உணர முடியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு, மூச்சு வெளியேறும் வேளையில் இதயத்தின் கடிவாளத்தைச் சற்று இறுக்கிப் பிடிக்கிறது. ஆகவே நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள்; இடையில் அடக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் போதும். வண்டி ஓட்டிக்கொண்டே இந்த உரையைக் கேட்பவர்கள் வீடு போய்ச் சேர்ந்தபின் செய்து பார்க்கலாம்.

அடுத்து காபி. அதை அடியோடு விடச் சொன்னால் நம் ஊரில் யாரும் மறுமுறை என்னிடம் வரமாட்டார்கள். நேரத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். காபியில் உள்ள காஃபீன் என்னும் ஊக்கப்பொருளில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 5 மணிக் காபி இரவு 10 மணிக்கும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும். பிற்பகல் 3 மணிக்குள் கடைசிக் குவளையை முடித்துக்கொள்வது நல்லது. நடைப்பயிற்சியைப் பற்றி நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, மாடிப்படியிலிருந்தும் அதைத் தொடங்கலாம்.

இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் சிலருக்குக் காஸ் சிலிண்டருக்குப் பதியாததும், பள்ளிக் கட்டணத்தின் கடைசி நாளும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். ஒன்பது நிமிடம் பெரிய கணக்கன்று. ஆனாலும் புரண்டு படுத்துப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறமே இதற்குப் போதும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட ஓர் அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் குக்கர் விசில் அடிக்கும், மாமியார் கூப்பிடுவார்கள், பையன் சட்டையைத் தேடுவான்." அதுவரை நான் எழுதிக்கொடுத்த அறிவுரைகளில் இருந்த ஓட்டையை அன்றுதான் கண்டேன். இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். இந்த நிலையில் "உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது, அவருடைய வேலைப்பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பதாகவே முடியும். இப்போதெல்லாம் வெளியே காத்திருக்கும் கணவரையும் உள்ளே அழைத்து, மாலை ஏழு முதல் ஏழரை வரை அடுக்களை அவர் பொறுப்பு என்று மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் மறுமுறை வரும்போது ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றாட நெருக்கடியையும், மனச்சோர்வு என்னும் நோயையும் மன அழுத்தம் என்ற ஒரே சொல்லாலேயே நாம் குறிப்பிட்டுவருவதால், மூச்சுப் பயிற்சியால் தீராத துன்பத்தில் இருப்பவர்கள் தங்கள் முயற்சிதான் போதவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி, பசியும் தூக்கமும் கெட்டு, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் வலுத்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எழுதிக்கொள்ளாதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: 1, 4, 4, 1, 6.

வணக்கம்.