அகத்தியரில் ஒரு வருஷம் எவ்வளவு நீளம்?

அவையோருக்கு வணக்கம்.

விஞ்ஞானக் கதை படிக்கும்போது ஒரு நட்சத்திரத்தின் பெயர் வந்தால், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வானத்தைப் போய்ப் பாருங்கள். மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு யோகம். நாம் பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்கில்தான் இருக்கிறோம். லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்து எழுதுகிறவர் தன் ஊரில் ஒருநாளும் காணமுடியாத தென்வானம் நமக்குத் தெரியும்.

முதலில் அகத்தியர். கனோபஸ் என்பதும் அதே நட்சத்திரம்தான். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே திரும்பி நில்லுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே பளீரென்று சிரியஸ். அதற்குக் கீழே, அடிவானத்திலிருந்து 27 டிகிரியில் அகத்தியர். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அகலம் 10 டிகிரி; மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு.

நிற்கிற இடமும் முக்கியம். இருட்டு வேண்டுமென்று அழகர்கோவில் பக்கம் போனால், தெற்கே மதுரையின் வெளிச்சம்தான் எதிரே நிற்கும். திருமங்கலம் தாண்டுங்கள், வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடும். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. பௌர்ணமியும் ஆகாது, அழகர் ஆற்றில் இறங்கும்போது அழகரை மட்டும் பாருங்கள்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' 1965-இல் வந்த நாவல். அதில் அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகம் இந்த அகத்தியரைத்தான் சுற்றுகிறது. கணக்குப் போடுவோமா? அகத்தியரின் ஒளி சூரியனைப்போல் சுமார் 10,000 மடங்கு. தூரம் இரட்டித்தால் வெப்பம் நாலில் ஒரு பங்காகும். ஆகவே பூமியின் வெப்பம் கிடைக்க, பூமி சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தைப்போல், 10,000-இன் வர்க்கமூலமான 100 மடங்கு தள்ளி நிற்க வேண்டும். அகத்தியரின் எடை எட்டு, ஒன்பது சூரியன் என்று வைத்து தூரத்தை வைத்துச் சுற்றும் காலத்தைச் சொல்லும் கெப்ளர் விதியில் போட்டால், ஒரு சுற்றுக்கு 300 ஆண்டுக்கு மேல்! பாலைவனம்தானே என்று பாதித் தூரத்துக்கு இழுத்தாலும் நூறு வருஷத்துக்குக் குறையாது. முதல் பிறந்தநாள் கொண்டாடவே ஆளிருக்காது. நாவல் மட்டம் என்று சொல்லவரவில்லை. கணக்கு இடறுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி ருசி.

அடுத்தது ஆல்ஃபா சென்டாரி. மே கடைசியில் இரவு பத்தரைக்குத் தெற்கே, இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் கீழே. வலப்புறம் பீட்டா சென்டாரி என்ற நட்சத்திரம். இரண்டையும் சேர்த்து வலப்பக்கமாகக் கோடு இழுத்தால் திரிசங்கு, அதாவது தென்சிலுவை. ஏப்ரல் முன்னிரவில் பலர், அதேபோல் சிலுவையாகத் தெரியும் வேறு நாலு நட்சத்திரமான போலிச் சிலுவையிடம் ஏமாறுவார்கள். அது பெரிது, மங்கல். பக்கத்தில் வழிகாட்டும் ஜோடி கிடையாது. ஆல்ஃபாவே இரட்டை நட்சத்திரம். சாதாரண பைனாகுலரில் பிரியாது, 3 அங்குலத் தொலைநோக்கியில் பிரியும். தூரம் 4.37 ஒளியாண்டு. நொடிக்கு 17 கி.மீ. ஓடும் வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் 75,000 ஆண்டுக்கு மேல் ஆகும்.

அங்கே இறங்கும் கதாநாயகனுக்கு வானமே அடையாளம் தெரியவில்லை என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். நாலு ஒளியாண்டு நகர்ந்ததில் கார்த்திகைக் கூட்டம் கலையாது. பக்கத்து வீட்டுக்காரரான சிரியஸ்தான் இடம்பெயர்ந்து திருவாதிரையை ஒட்டி நிற்கும். காசியோப்பியா என்ற நட்சத்திரக் கூட்டத்தில் ஐந்துக்கு ஆறாக ஒரு நட்சத்திரம் கூடியிருக்கும். அதுதான் நம் சூரியன். நவம்பர் நடுவில் மழை விட்ட இரவொன்றில், 9 மணிக்கு வடக்கே பாருங்கள். ஆங்கில M எழுத்துப்போல் நிற்கும் அந்த ஐந்தில் வலது முனைக்குச் சற்று அப்பால் அந்தக் காலியிடம்.