மாத்திரைக் கணக்கு

(சித்த மருத்துவ மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, நாளைக்கு நாடி பார்க்கப் போகிற தம்பி தங்கைகளே, வணக்கம்.

மாத்திரை என்றால் என்ன என்று உங்களைக் கேட்டால் விழுங்குவது என்பீர்கள். தமிழாசிரியரைக் கேட்டால் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பார். பாட்டு வாத்தியாரைக் கேட்டால் காலத்தின் அளவு என்பார். நீங்கள் படிக்கிற நாடி நூலிலும் அதே சொல்தான் வருகிறது: வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை, ஐயம் என்கிற கபம் கால். இந்த நான்கு மாத்திரைகளையும் கையாண்டு வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

பெயரைக் கேட்டதும் சிலர் தலையாட்டுகிறீர்கள். பாதிப் பேர் முகத்தைப் பார்த்தால் புதுப்பெயர் போலத் தெரிகிறது. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இசைக்காரர்கள் அவரை வைத்தியர் என்று ஒதுக்கினார்கள், வைத்தியர்கள் அவரை இசைக்காரர் என்று விட்டுவிட்டார்கள். நடுவில் அவர் நின்றுபோனார்.

1859 ஆகஸ்டு 2, சாம்பவர் வடகரை. இன்றைய தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். அங்கே சடையாண்டிப் பட்டரிடம் வயலினும் இசையும் கற்றார். மூலிகை தேடும் பழக்கமும் சிறுவயதிலேயே தொற்றிக்கொண்டது. அது அவரைச் சுருளிமலைக்குக் கொண்டுபோய்க் கருணானந்தர் என்ற முனிவர் முன் நிறுத்தியது. மருந்து முறைகள் அங்கே கிடைத்தன. பிறகு தஞ்சாவூர். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியை. இருவரும் பள்ளியில் பாடம் சொன்னபடியே வைத்தியமும் பார்த்தார்கள். நோயாளிக் கூட்டம் பெருகவே 1890இல் வேலையை விட்டு முழுநேர வைத்தியத்துக்கு வந்தார்கள்.

மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு உரலையும் கல்வத்தையும் நம்பி இறங்குவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அவர்கள் வீட்டு மாத்திரைகள் தஞ்சாவூரைத் தாண்டின, பிறகு கடலையும் தாண்டின. இலங்கை, பர்மா என்று தபாலில் போயின. கோரோசனை மாத்திரை என்றால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். குருவின் நினைவாகக் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். ஜனங்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே சொன்னார்கள். அங்கே மூலிகை மட்டுமா வளர்ந்தது? உழவிலும் ஆராய்ச்சி செய்து பார்த்தார். அச்சுக்கூடம் ஒன்றும் வைத்தார், அதுவும் மின்சாரத்தில் ஓடுகிற அச்சுக்கூடம். 1909இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இந்த இடத்தோடு நிறுத்தினால் பணக்கார வைத்தியர் ஒருவரின் கதை. இப்படிப் பலர் இருந்திருக்கிறார்கள். மாத்திரை விற்ற காசை இவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

1912 மே 27ஆம் நாள் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்ற சபையின் முதல் மாநாட்டைக் கூட்டினார். அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் இன்னும் ஐந்து. செலவு முழுக்க அவருடையது. பிறப்பாலும் சமயத்தாலும் அன்றைய சங்கீத உலகத்துக்கு வெளியே நின்றவர், வித்வான்களைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, தம் கருத்தைத் தம் செலவிலேயே எதிர்க்கச் சொன்னார். தர்மம் என்றால் சோறு போடுவது என்று நினைக்கிறோம். வாதாட வருகிறவனுக்கு மேடை போட்டுக் கொடுப்பதையும் அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பேன்.

என்ன வாதம் அது? கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்தாயியில், அதாவது ச-விலிருந்து மேல் ச வரைக்கும், சுருதி என்கிற நுண்ணிய பங்குகள் எத்தனை? 22 என்பது சார்ங்கதேவர் முதலான வடமொழி நூலாரின் விடை. பண்டிதர் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தார். உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தது 1892இல். அதில் ஆய்ச்சியர் குரவை படித்திருப்பீர்கள். ஆயர் மகளிர் எழுவர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயர் பூண்டு வட்டமாக நிற்கிறார்கள். நாம் அதைக் கூத்து என்று படித்தோம், அவர் அதைச் சூத்திரம் என்று படித்தார்.

குரலிலிருந்து இளிக்குப் போவது ச-விலிருந்து ப-வுக்குப் போவது. அந்த இளியையே குரலாக வைத்து அதன் இளி, பிறகு அதன் இளி. பன்னிரண்டு முறை போனால் கிளம்பிய வீட்டுக்கே வந்து சேர வேண்டும், ஏழு ஸ்தாயி மேலே. ஆனால் ஒன்றரை என்ற விகிதத்தில் பெருக்கிப் பாருங்கள். பன்னிரண்டாவது முறை 129.75 அளவில் வரும். ஸ்தாயிக்கு ஒருமுறை இரட்டிப்பதால் ஏழு ஸ்தாயியின் கணக்கோ 128. வட்டம் மூடவில்லை, கொஞ்சம் பிதுங்கி நிற்கிறது. இளங்கோவின் வட்டப்பாலை, அதாவது சுரங்களை வட்டத்தில் அடுக்குகிற முறை, மூடுகிற வட்டம், ஆகவே பங்குகள் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்றார் பண்டிதர். ஒரு ஸ்தாயிக்கு ஆயப்பாலை என்ற முறையில் 12 பங்கு, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று அடுக்கிக்கொண்டு போனார்.

மருந்து நிறுக்கிறவனுக்கு இந்தப் பிதுக்கம் உறுத்தியிருக்கும். குன்றிமணி எடை கூடினாலே மருந்து நஞ்சாகிவிடுகிற தொழில் அல்லவா நம்முடையது?

1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு. அங்கே போய்த் தம் 24 சுருதிக் கொள்கையை வைத்தார். சொல்லிக் காட்டியதோடு விடாமல், தம் வீட்டுப் பெண்களைப் பாட வைத்து நிரூபிக்க முற்பட்டார். 1916 என்ற வருஷத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மறு வருஷம் 'கருணாமிர்த சாகரம்' அச்சாகி வந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய புத்தகம். நூலகத்தில் ஒருமுறை அதை ஒரு கையால் இழுத்து, மறு கையையும் கொடுக்க வேண்டியதாயிற்று எனக்கு.

அவர் சொன்னது சரிதானா என்று கேட்பீர்கள். 24 சமப் பங்கை இசை அறிஞர்கள் எல்லோரும் இன்றும் ஏற்றுக்கொண்டதில்லை. என் சொந்த அபிப்பிராயம், பாடுகிறவர் கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும்போது, சுரம் அசைந்துகொண்டே இருக்கிறது, கட்டம் போட்ட தாளில் அது அடங்காது. ஆனால் தமிழிசையின் இலக்கணம் தமிழ் நூலுக்குள்ளேயே இருக்கிறது, தேடுங்கள் என்று ஒரு வைத்தியர் சொன்னாரே, அந்தக் கதவை அவருக்குப் பிறகு யாராலும் மூட முடியவில்லை. தமிழில் உருப்படிகள், அதாவது கச்சேரியில் பாடும் பாட்டுகள், எங்கே என்று கேட்டவர்களுக்கும் வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 96 பாடல்களைத் தாமே இயற்றிச் சுரப்படுத்திக் கொடுத்தார்.

அவைத்தலைவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது. ஒன்றே ஒன்று சொல்லி விடுகிறேன்.

கருணானந்தர் கொடுத்தது மருந்துக் குறிப்பு. சீடர் தோட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார், கேட்டால் நியாயம்தான். இசை நூலுக்கும் அந்தக் 'கருணை'யையே ஏன் வைத்தார்? ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. பிறகு தோன்றியது, அவருக்கு அது வேறு நூல் இல்லை. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து ஒன்று, அரை, கால் என்று கேட்ட அதே காதால்தான் தந்தியையும் கேட்டார்.

1919 ஆகஸ்டு 31இல் காலமானார். தமது தோட்டத்திலேயே அடக்கமானார். சாகரத்தின் இரண்டாம் பகுதியை அச்சில் பார்க்க அவர் இல்லை. அது வெளிவந்தது 1946இல்.