கையை விரித்தவன் எல்லாம் கிறிஸ்துவா?

வணக்கம் நண்பர்களே. பின்னால் அலமாரி கலைந்து கிடக்கிறதே என்று யாரும் எழுத வேண்டாம், போன வீடியோவிலும் அப்படித்தான் கிடந்தது. இன்று எனக்குக் கொஞ்சம் கோபம்.

காரணம் இந்தப் புத்தகம். ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்', ஒரு மீனவக் கிழவரின் கதை, ஆங்கிலத்தில், பழைய பிரதி. விலை 140 ரூபாய், அனுப்பும் செலவு 65, ஆக 205. 'நல்ல நிலையில் உள்ளது' என்று போட்டிருந்தார்கள். பிரித்தால் உள்ளே நீல மை! புத்தகத்தில் பேனா பட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பென்சில் என்றால் ரப்பர் வைத்துத் தேய்த்துவிடலாம். முன்பு வைத்திருந்த புண்ணியவான், கிழவரில் கிறிஸ்துவின் சாயல் தெரிகிறது என்று தோன்றிய இடத்திலெல்லாம் ஓரத்தில் சிலுவை போட்டிருக்கிறார். உட்கார்ந்து எண்ணினேன், 23. கிழவருக்குக் கையில் காயமா, ஒரு சிலுவை. தோளில் பாய்மரமா, ஒரு சிலுவை. கிழவருக்குத் துணையான பையன் காபி கொண்டுவருகிறான், அதற்கும் ஒன்று. காபிக்கு எதற்கய்யா சிலுவை?

சில இடங்கள் சரிதான், மறுக்கவில்லை. சுறாக்களைக் கண்டதும் கிழவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. ஆணி கையைத் துளைத்து மரத்தில் இறங்கும்போது ஒருவன் தன்னையறியாமல் எழுப்பும் சத்தம் அது என்று எழுதுகிறார் ஹெமிங்வே. கடைசியில் பாய்மரத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிறார், விழுகிறார், ஐந்து முறை உட்கார்ந்து எழுகிறார், குடிசைக்குள் கைகளை நீட்டிக் குப்புறப் படுக்கிறார். இவ்வளவும் செய்துவிட்டு, புத்தகம் வெளிவந்த அதே 1952இல் ஒரு கடிதத்தில், குறியீடெல்லாம் இல்லை, கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான் என்கிறார். ஆணியை அடித்துவிட்டுச் சுத்தியலை ஒளித்துவைக்கிற வேலை!

என் எரிச்சல் அவர்மீது இல்லை. அடையாளத்தைக் கண்டுபிடித்ததும் படித்து முடித்துவிட்டதாக நினைப்பவர்கள்மீதுதான். ஸ்டைன்பெக்கின் 'The Grapes of Wrath' நாவலில் வரும் ஜிம் கேசியைப் பாருங்கள். முதலெழுத்துகள் ஜீசஸ் கிரைஸ்ட் போலவே ஜே.சி., போதகராக இருந்தவர், கொல்ல வருகிறவர்களிடம் சிலுவையில் இயேசு சொன்னதைப் போலவே 'நீங்கள் செய்வது இன்னதென்று உங்களுக்குத் தெரியவில்லை' என்கிறார். நூற்றுக்கு நூறு. எனக்கு அதுதான் சலிப்பு.

சரி, தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலின் நாயகன் இளவரசர் மிஷ்கினுக்கு வருவோம். மறுபடியுமா என்று கேட்பவர்கள் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். 'அசடன்' 1868இல் தொடராக வரத் தொடங்கியது. குறிப்பேட்டில் தஸ்தயேவ்ஸ்கி இவரை 'இளவரசர் கிறிஸ்து' என்றே குறித்திருக்கிறார். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். ஆனால் நஸ்தாஸ்யா என்ற பெண்மீது இரக்கம், அக்லாயா என்ற பெண்மீது காதல் என்று இரண்டையும் விட முடியாமல் இரண்டு பேரையுமே காப்பாற்றாமல் போகிறார். நஸ்தாஸ்யாவை, அவள்மேல் வெறியாக இருந்த ரோகோஷின் குத்திக் கொல்கிறான். கொன்றவன் பக்கத்திலேயே இரவு முழுக்க இருந்து அவன் தலையையும் கன்னத்தையும் தடவிக்கொண்டிருக்கிறார் மிஷ்கின். ஆட்கள் கதவைத் திறக்கும்போது அவருக்கு யாரையும் தெரியவில்லை. உயிர்த்தெழுதல் எங்கே என்று நான் பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். கிடையாது.

அந்த ரோகோஷின் வீட்டில் ஒரு படம் தொங்குகிறது, ஹோல்பைன் என்ற பழைய ஜெர்மன் ஓவியர் வரைந்த படத்தின் நகல். அசல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. 2 மீட்டர் நீளம், உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான், பெட்டிக்குள் வைத்த மாதிரி கிறிஸ்துவின் பிணம் மட்டும். 1867இல் அதன் முன்னால் தஸ்தயேவ்ஸ்கி அசையாமல் நின்றிருக்கிறார். இதைப் பார்த்தால் ஒருவனுக்கு இருக்கிற விசுவாசமும் போய்விடும் என்று நாவலில் சொல்வது யார் தெரியுமா? மிஷ்கின்தான்! இதற்கு எந்த ஓரத்தில் சிலுவை போடுவது?

ஐயோ, கழுதையை விட்டுவிட்டேன். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நோயாளியாக சுவிட்சர்லாந்து வந்த மிஷ்கினுக்கு, பாசல் சந்தையில் ஒரு கழுதை கத்தியதும்தான் மனம் தெளிகிறது. எருசலேமுக்குள் கழுதைமேல் வந்தவரை நினைத்து நம் நீல மைக்காரர் துள்ளியிருப்பார். நாவலில் இதைக் கேட்டு ஜெனரல் வீட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மிஷ்கினும் சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இன்னொன்று. இந்தப் பிரதியில், கரைக்குத் திரும்பிய கிழவரின் கைகளைப் பார்த்துப் பையன் அழுகிற பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. மை தீர்ந்துவிட்டதோ என்னவோ. புத்தகம் வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள். அதே 205தான், சிலுவைகள் இலவசம்.