அரக்குத் தட்டும் ஆச்சியின் காதும்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலையத்துக்குள் நுழையும்போது, என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு வாசல் காவலர், "என்ன சார், ஆர்மோனியமா?" என்று கேட்டார். மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே நாய் படம். "அட, எங்க தாத்தா வீட்டுப் பரண்ல இதேதான் கிடந்தது சார். ஓடலைன்னு போன பொங்கலுக்குக் காயலான் கடையில போட்டுட்டோம்" என்றார்.

எனக்கு நெஞ்சு பக்கென்றது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஓடாத பெட்டியை எத்தனை நாள்தான் வைத்துக்கொள்வார்கள்! நான் இன்றைக்குப் பேச வந்ததே இந்த 'ஓடலை' என்ற சொல்லைப் பற்றித்தான். முப்பது வருடமாகப் பழைய கிராமபோன்களையும் ரெக்கார்டு பிளேயர்களையும் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். பரணிலிருந்து இறங்கி வருகிற பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே வியாதிதான். காய்ந்த கிரீஸ், இறுகிய ரப்பர். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் கொண்டுவந்திருப்பது, நாய் படத்தை முத்திரையாக வைத்த எச்.எம்.வி. கம்பெனியின் 102 என்ற கிராமபோன். சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். 1931-இல் வந்தது, 1950-களின் கடைசி வரை செய்தார்கள். வெளியே சத்தம் வருகிற குழாய் நீட்டிக்கொண்டிருக்காது. குழாய் மடிந்து பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் சாவி. கரண்டு வேண்டாம், பாட்டரி வேண்டாம். சாவி கொடுத்தால் பாடும்.

கரண்டு இல்லாமல் எப்படிச் சத்தம் வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். உங்களில் பலர் சின்ன வயதில் செய்திருப்பீர்கள். காகிதத்தைப் பொட்டலம் மாதிரி சுருட்டி, முனையில் குண்டூசியைக் குத்தி, சுற்றுகிற தட்டின் மேல் லேசாக வைத்தால் பொட்டலம் பாடும். (வீட்டில் அடியும் விழும்.) கிராமபோன் அவ்வளவுதான். குண்டூசிக்குப் பதில் எஃகு ஊசி, காகிதத்துக்குப் பதில் அலுமினியத் தகடு, அதன் பிறகு குழாய். அந்தத் தகட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். எண்பது வருடத்தில் அது எலும்பு மாதிரி ஆகிவிடும். பாட்டு கரகரவென்று தகரத்தில் மணல் கொட்டியது போல் கேட்டால் பாடகரைத் திட்டாதீர்கள். இறுகிய ரப்பர். அதை மாற்றினால் தொண்டை சரியாகிவிடும்.

சரி, காய்ந்த கிரீஸுக்கு வருகிறேன். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

தேவகோட்டையில் ஓர் ஆச்சி. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். அவர்கள் மாமனார் ரங்கூனில் கொண்டுவிற்கப் போயிருந்தபோது வாங்கிவந்த 102 வீட்டில் இருந்தது. யாரோ என்னைப் பற்றிச் சொல்லி ஆளனுப்பியிருந்தார்கள். போய் உட்கார்ந்ததும் ஆச்சி மெல்லிய குரலில் சொன்னார்கள்: "தம்பி, இதுக்குள்ள யாரோ இடிக்கிறாக. பாட்டு நடக்கையில டொம்முங்குது. பேரப்பிள்ளைக பயப்படுதுக."

சாவி கொடுத்துத் தட்டைப் போட்டேன். அரை நிமிடம் ஒழுங்காகப் போனது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து 'டொம்'. தட்டு ஒரு கணம் திணறியது, பாடகரின் குரல் வழுக்கியது, மறுபடி சரியானது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டொம்'. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆச்சி முறைத்தார்கள்.

விஷயம் இதுதான். உள்ளே ஒரு உருளை டப்பாவில் எஃகு நாடாச் சுருள் இருக்கிறது. பழைய சுவர்க்கடிகாரத்தில் இருக்குமே, அதைவிட அகலம், அதைவிட வலு. சாவி கொடுக்கும்போது சுருள் இறுகும். பாடும்போது மெல்ல விரியும். சுற்றுக்குச் சுற்று வழுக்கிக்கொண்டு விரிய வேண்டும் என்பதற்காகக் கிராபைட் கலந்த கிரீஸ் பூசியிருப்பார்கள். அது காய்ந்தால் தார் மாதிரி ஆகிவிடும். நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழுத்து இழுத்துத் தாங்க முடியாமல் சட்டென்று விட்டுக்கொடுக்கும்போது வருகிற சத்தம்தான் டொம். பேயும் இல்லை, எலியும் இல்லை.

இந்த டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. முதலில் சாவி முழுதும் இறங்கும்வரை ஓடவிட வேண்டும். அப்படியும் சுருளுக்குள் வேகம் மிச்சமிருக்கும். என் முதல் முயற்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து மூடியை நெம்பினேன். உள்ளே இருந்தது சாரைப்பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வந்தது. கொடியில் காய்ந்த அப்பாவின் எட்டு முழ வேட்டி முழுக்கக் கருப்புப் புள்ளி. என் இடது கட்டைவிரலில் நான்கு தையல். அப்பா வேட்டியைப் பற்றித்தான் முதலில் கேட்டார், அது வேறு கதை. தடித்த தோல் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆச்சி வீட்டு வளவில் உட்கார்ந்து, பழைய எனாமல் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுருளைக் கழுவினேன். துணி துணியாகக் கருப்பு வந்தது. துடைத்துப் புதுக் கிரீஸ் பூசி, கை நடுங்க நடுங்கத் திரும்பச் சுற்றி உள்ளே அடைத்தேன். மூன்று மணி நேரம், நான்கு காப்பி.

அப்புறம் வேகத்தைச் சரி செய்ய வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பாகத்துக்குக் கவர்னர் என்று பெயர். திருவிழாவில் குடை ராட்டினம் பார்த்திருப்பீர்கள், வேகம் ஏற ஏற நாற்காலிகள் வெளிப்பக்கமாக விரியும். அதே மாதிரி மூன்று சின்னக் குண்டுகள் உள்ளே சுற்றுகின்றன. வேகம் கூடினால் அவை விரிந்து ஒரு வட்டத் தகட்டை இழுக்கும், தகடு ஒரு தோல்துண்டில் உரசும், வேகம் அடங்கும். அந்தத் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். எத்தனை சுற்று என்று பார்க்கக் கருவியெல்லாம் வேண்டாம். தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 78 வர வேண்டும். கழுவுவதற்கு முன்பும் எண்ணி வைத்திருந்தேன். 72 வந்தது. இப்போது 78. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆச்சியின் பிரியமான தட்டைப் போட்டேன். பழைய நாடக மேடைப் பாட்டு. ஆச்சி தூணில் சாய்ந்து கேட்டார்கள். பாட்டு முடிந்தது. ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது அவுக குரல் இல்லையே தம்பி. சின்னப் பையன் மாதிரியில்ல பாடுறாக" என்றார்கள்.

விளக்கினேன். 78-லிருந்து நாலைந்து சுற்று குறைந்தாலே ஏறத்தாழ அரைக் கட்டை சுருதி இறங்கிவிடும், உங்கள் பெட்டி பல வருடமாக அதைவிடவும் மெதுவாக ஓடியிருக்கிறது, இப்போது கேட்பதுதான் அவர் பாடிய சுருதி என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தேன் இருக்கும். ஆனா எனக்கு அந்தக் குரல்தேன் வேணும்" என்றார்கள்.

வேகத் திருகை மெல்லத் திருப்பி 72-க்கு இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வரும் வழியெல்லாம் வருத்தம், கையால் செய்ததைக் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று. பிற்பாடு இன்னொன்றும் தெரிந்தது. ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதிவானவை அல்ல. 70-க்கும் 80-க்கும் நடுவே அந்தந்தப் பதிவாளர் விருப்பப்படி இருந்திருக்கின்றன. ஆகவே பழைய தட்டு என்றால் 78 என்ற எண்ணை நான் வேதவாக்காகச் சொல்வதில்லை. ஆச்சி காது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

சுருதி என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவிலிருந்து கரண்டில் ஓடுகிற பழைய பிளேயரைக் கொண்டுவருகிறவர்கள் 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வாங்கிப் போட்டுவிட்டு, "பாட்டு தூங்குகிறதே" என்று வருகிறார்கள். அங்கே மின்சாரம் நொடிக்கு 60 முறை மாறுகிறது, இங்கே 50. மோட்டார் அதைத்தான் பின்பற்றும். ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். ஐந்தரைக் கட்டையில் பாடிய அம்மையார் நான்கு கட்டையில் பாடுவார். டிரான்ஸ்பார்மர் இதை மாற்றாது. மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன உருளையை மாற்ற வேண்டும்.

அடுத்தது ஊசி. இதில் நான் கொஞ்சம் கறார்.

எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடியதும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம், ஒரு ஊசி. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஒரு ஊசியா என்பீர்கள். காரணம் தட்டிலேயே இருக்கிறது. 78 தட்டு பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. தபால் பார்சலில் முத்திரை வைப்போமே, துரியோதனன் மாளிகை கட்டினானே, அதே அரக்கு. வடக்கே காட்டு மரங்களில் பூச்சிகள் வைக்கிற பிசின். உலகம் முழுக்கத் தட்டு செய்ய நம் நாட்டிலிருந்துதான் பெருமளவு அரக்கு போனது. முதலில் இங்கே பதிவான பாட்டுகள் ஜெர்மனியில் தட்டாகித் திரும்பி வந்தன. 1908 வாக்கில் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது. இந்த அரக்கோடு கல்பொடியும் கலந்திருப்பார்கள். ஊசியைத் தட்டு தேய்க்கும், வேண்டுமென்றே. முதல் சில சுற்றிலேயே ஊசிமுனை, தான் ஓடுகிற பள்ளத்தின் வடிவத்துக்குத் தேய்ந்து பொருந்தும். பக்கம் முடியும்போது முனை உளி மாதிரி ஆகியிருக்கும். அதே ஊசியை அடுத்த பக்கத்தில் வைத்தால், உளி பள்ளத்தைச் செதுக்கும். ஊசி மலிவு, தட்டு இனிக் கிடைக்காது. ஒரு பக்கம், ஒரு ஊசி.

இதே பெட்டியில், பிற்காலத்தில் வந்த பிளாஸ்டிக் தட்டான வினைல் எல்பியைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறும். கிராமபோன் ஊசி நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். எல்பி தட்டு தாங்குவது சில கிராம்தான். ஒரே தடவையில் தட்டு பாழ்.

ஒருவர் பேச்சை மாற்றினால் 'பிளேட்டைத் திருப்பிப் போடுகிறான்' என்கிறோம். தட்டைப் புரட்டியே பார்த்திராத பிள்ளைகளும் இதைச் சொல்கிறார்கள், சந்தோஷம். கூடவே ஊசியை மாற்றவும் யாராவது ஒரு பழமொழி செய்திருக்கலாம்.

பித்தளைக் குழாய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பளபளவென்று பெரிய பித்தளைப் பூ மாதிரி குழாய், புது மரப் பெட்டி, முன்னால் நாய் படம் ஒட்டியது. சுற்றுலாத் தலங்களில் 'பழம்பொருள்' என்று விற்கிறார்களே, அதில் நானும் ஏமாந்திருக்கிறேன், கடை பெயர் வேண்டாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ ஒரு 102-இன் மோட்டார். நல்ல பெட்டியைக் கொன்று பொம்மைக்குள் வைத்திருந்தார்கள். உண்மையான பழைய குழாய்கள் பெரும்பாலும் வர்ணம் பூசிய தகரம், இல்லையென்றால் மரம். வாங்குவதற்கு முன் சாவி கொடுத்து ஒரு பக்கம் முழுதும் பாடச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் "இது அலங்காரத்துக்கு சார்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்! கரண்டில் ஓடுகிற பிளேயர்களைப் பற்றிப் பாதி நேரம் பேசுவதாகத் திட்டம். வேகமாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் எச்.எம்.வி. பீஸ்டா பிளேயர், கேரர்ட் கம்பெனி மோட்டார் வைத்த ரேடியோகிராம்கள் (ரேடியோவும் பிளேயரும் சேர்ந்த பெட்டிகள்) எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது இறுகிய ரப்பர். தட்டைச் சுழற்றுகிற ரப்பர் சக்கரம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து சப்பையாகியிருக்கும். பாட்டோடு சேர்ந்து 'டக் டக்' என்று கேட்பது அதுதான். வேகம் மாற்றுகிற நெம்புகோல் நகரவில்லையா? காய்ந்த கிரீஸ். பல வருடம் கிடந்த பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். எலக்ட்ரீஷியன் வைத்திருப்பாரே சீரிஸ் பல்பு, அதன் வழியாகக் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே ஷார்ட். ஊசியில் 78-க்கு ஒரு பக்கம், எல்பிக்கு ஒரு பக்கம் இருக்கும், சரியாகத் திருப்பி வையுங்கள்.

தட்டு கழுவுவது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படக் கூடாது, ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். கவனியுங்கள், ஸ்பிரிட் கூடாது. தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பு, மெல்லிய துணி. நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்கும்போது நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். வெயில்...

ஒரு விரல் காட்டுகிறார். கடைசியில் ஒரு தட்டு போட்டுக் காட்டலாம் என்று கொண்டுவந்தேன். ஒரு பக்கம் மூன்றேகால் நிமிடம். பாதியில் ஊசியைத் தூக்குவது எனக்குப் பிடிக்காது. வாசலில் இருக்கும் காவலருக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் போகிறேன். புது ஊசி சட்டைப்பையில் இருக்கிறது. வணக்கம்.