காற்றுக்கு ஒரு நோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைக்குட்டை தானாக மூக்குக்குப் போய்விடும். சில நிமிஷம்தான், பஸ் கடந்துவிடும். குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு என்று அங்கேயே குடியிருப்பவர்கள் எங்கே கடந்து போவது?

உப்பனாற்றங்கரையில் 1980-களில் வந்த தொழிற்பேட்டை இது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் மிகக் கடுமையான மாசு என்று கணக்கு. கடலூர் வாங்கியது 77.45. பிள்ளைகள் வாங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருக்கலாம்!

அதற்கு முன்பே, 2004-ல், இந்த ஊர்க்காரர்கள் சிலர் தாங்களே காற்றைப் பிடித்துச் சோதிக்க ஆரம்பித்திருந்தார்கள். கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஒரு பை. அதன் வாய் மட்டும் வெளியே இருக்கும். வாளிக்குள் இருக்கும் காற்றை பம்ப்பால் வெளியே இழுத்தால், பை விரிந்து வெளிக்காற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அந்தப் பைகளில் 20-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருந்தன. அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை.

ஆனால் அந்த வாளியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, எப்போது என்ன வாடை வந்தது என்று அவர்கள் நோட்டில் எழுதி வைத்திருந்த குறிப்புதான். 'நாத்தம் தாங்கல சார்' என்று போன் போட்டால், மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அதிகாரி ஒருவர் வந்து மோந்து பார்த்துவிட்டு, 'ஒண்ணும் இல்லையே' என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. காற்று அதற்குள் திசை மாறியிருக்கும். அதையே, 'செவ்வாய் இரவு 10.40, அழுகிய முட்டை வாடை, காற்று கிழக்கிலிருந்து, இருபது நிமிஷம், குழந்தைக்குக் கண் எரிச்சல்' என்று எழுதிக் கொடுத்தால், அந்த நேரத்தில் எந்த ஆலையில் என்ன ஓடியது என்று அவர் கேட்டாக வேண்டும்.

இரவில்தான் அதிகம் என்று பலரும் சொல்வார்கள். பிரமை இல்லை. ராத்திரி தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடுகிறது. மேலே சற்றுச் சூடான காற்று பானைக்கு மூடி போட்டது போல நிற்கிறது. ஆலை விட்ட வாயு மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்குகிறது.

அழுகிய முட்டை வாடை என்றால் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு. அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மங்களின் வகை. நம் சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காகக் கலப்பதும் அந்தக் குடும்பம்தான். நெயில் பாலிஷ் வாடை, மற்ற பொருள்களைக் கரைக்க ஆலைகளில் பயன்படும் கரைப்பான் திரவங்களுடையது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போகும். கடுமையாக வீசிய வாடை திடீரென்று நின்றால், வாயு போய்விட்டது என்று நினைத்து அங்கேயே நிற்காதீர்கள். அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். காற்று வரும் திசைக்குக் குறுக்காக நடந்து, மேடான இடத்துக்குப் போங்கள். துணி மாஸ்க் தூசுக்குச் சரி, வாயுவுக்கு உதவாது. பென்சீன் என்ற ரசாயனம் இன்னொரு ரகம். மூக்குக்குத் தெரியாத அளவிலேயே, வருஷக்கணக்கில் சுவாசித்தால், ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதனால் வாடையே இல்லாத நாளை நல்ல நாள் என்று நோட்டில் எழுதிவிட முடியாது.

'எங்க வீட்டுக்காரருக்கு வந்த கேன்சர் இந்தக் காற்றாலதானா?' என்று கேட்பார்கள். ஒரு தனி ஆளைக் காட்டி, ஆம் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆலைகளுக்கு வசதியான இடமும் இதுதான். ஊர் முழுக்க யாருக்கு, எப்போது, என்ன வந்தது என்ற கணக்கு இருந்தால்தான் பேச்சு வேறாகும்.

எனவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, இருமல் என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ராத்திரி, என்ன வாடை, எவ்வளவு நேரத்தில் நெஞ்சு இறுகியது என்று சொல்லி, ஓ.பி. சீட்டில் அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.